ஸ்ட்ரோக் வந்தவங்கள வச்சு பாத்தவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க, செலவு பத்தி

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக், வலது கை கால் வரல, பேச்சும் குழறுது. ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான்னு ஸ்கேன் பாத்து சொன்னாங்க. நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டு போயிட்டதால ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசி போட முடிஞ்சுது, உயிருக்கு இப்ப பயம் இல்ல.

ஆனா பில்லு ஏறிக்கிட்டே போகுது. ஊசிதான் பெரிய செலவுன்னு நெனச்சோம், இப்ப பாத்தா ஐசியு வாடகை, ரத்த டெஸ்ட், திரும்பத் திரும்ப ஸ்கேன், மூக்கு வழியா டியூப்ல சாப்பாடு, பிசியோதெரபின்னு தனித்தனியா வருது, இதுல சளி கட்டி நிமோனியா வந்துட்டா இன்னும் நாள் கூடும்னு வேற சொல்றாங்க.

அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, ஐசியுல இருந்து வார்டுக்கு எப்ப மாத்தலாம்னு டாக்டர்கிட்ட நாமளே கேக்கலாமா, தப்பா எடுத்துப்பாங்களா? ஐட்டம் வாரியா பில் கேட்டா குடுப்பாங்களா? இன்சூரன்ஸ்ல டிஸ்சார்ஜுக்கு அப்புறம் பண்ற பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் யாருக்காவது கிளைம் ஆச்சா?

முதல் மூணு மாசத்துலதான் கை கால் அதிகமா தேறும்னு சொல்றாங்க, அதனால பணத்த எல்லாம் இப்பவே கரைச்சுட்டு அப்புறம் பயிற்சிய நிறுத்துற நெலம வந்துடக்கூடாதுன்னுதான் எனக்கு பயமே. ஆளு வச்சு வீட்லயே பயிற்சி குடுத்தவங்க, எவ்ளோ நாள் குடுத்தீங்க, நாமளே கத்துக்கிட்டு செய்யலாமா? படுக்கைப்புண் வராம இருக்க காத்து மெத்தை வாடகைக்கு எடுக்கலாமா, வாங்குறது நல்லதா?

பண உதவி கேக்கல, விவரம் மட்டும் போதும்ங்க. தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.