ஏற்காட்டில் 100, சேலத்தில் 94: ஜிஎம்–சி வடிகட்டியின் வெட்டு அதிர்வெண் ஏன் நகர்கிறது?

ஏற்காடு மாணவி:
வணக்கம். வன்தட்டிலிருந்து தரவைப் படிக்கும் சுற்றுக்கான தாழ்பட்டை வடிகட்டியை (குறைந்த அதிர்வெண்களை மட்டும் கடக்கவிடும் சுற்று) சில்லாக வடிவமைக்கும் முன், அதன் ஒரு படியை எல்.எம்.13700 என்ற, மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றும் பெருக்கிச் சில்லைக் கொண்டு பலகையில் கட்டிப் பார்த்தேன். வீட்டில் காலை 18 டிகிரியில் வெட்டு அதிர்வெண்ணை, அதாவது சமிக்ஞை தடுக்கப்படத் தொடங்கும் எல்லையை, சரியாக 100 கிலோஹெர்ட்சில் நிறுத்தினேன். அதே பலகை, சேலத்தில் கல்லூரி ஆய்வகத்தில் பிற்பகல் 38 டிகிரியில் 94 கிலோஹெர்ட்சை ஒட்டி நிற்கிறது. பாலிஸ்டைரீன் மின்தேக்கியை மாற்ற வேண்டுமா?

சூரமங்கலம் வாசகர்:
மின்தேக்கியைத் தொடாதீர்கள் அம்மா. அது இந்த மாற்றத்துக்குக் கால் சதவீதம் அளவில்தான் நகரும். வெட்டு அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது ஜிஎம்மை (உள்ளீட்டு மின்னழுத்தம் மாறும்போது வெளியீட்டு மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்ற அளவு) மின்தேக்கத்தால், அதாவது ஜிஎம்–சி என்பதில் வரும் சியால், வகுத்த விகிதம். உங்கள் சில்லில் ஜிஎம் என்பது, நாம் அதற்கு வெளியிலிருந்து கொடுக்கும் சார்பு மின்னோட்டத்தை வெப்ப மின்னழுத்தத்தின் இரு மடங்கால் வகுத்தது. அந்த மின்னழுத்தமோ கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. 291-ஐ 311-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.936 வரும். நீங்கள் அளந்தது அதையேதான்.

பணி ஓய்வு பெற்ற பேராசிரியர்:
வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும் சார்பு மின்னோட்டத்தைக் கொடுத்தால் பலகையில் இது சரியாகிவிடும். சில்லில் அது போதாது. மின்தேக்கத்தின் மதிப்பே தயாரிப்புக்குத் தயாரிப்பு கணிசமாக மாறும். ஆகவே அதே அமைப்பில் ஒரு துணை வடிகட்டியையோ அலையியற்றியையோ அருகில் வைத்து, அதைப் படிகக் கடிகாரத்தோடு கட்டம் பூட்டி (அலையின் ஏற்ற இறக்கம் கடிகாரத்தோடு ஒத்துப்போகும்படி நிறுத்தி), கிடைக்கும் கட்டுப்பாட்டையே முதன்மை வடிகட்டிக்கும் கொடுப்பார்கள். 1990-இல் ஐபிஎம் வெளியிட்ட வன்தட்டில் தொடங்கி வழக்கத்துக்கு வந்த பகுதித்துலங்கல் முறையில் இது உயிர்நாடி. அங்கே காந்தத் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியே வருகின்றன. அம்முறையின் நான்காம் வகையில், படித்த அலையிலிருந்து எடுக்கும் மாதிரிகள் +1, 0, −1 என்ற மூன்று மட்டங்களில் விழ வேண்டும். வெட்டு அதிர்வெண் விலகினால் துடிப்பின் உருவம் மாறி, மாதிரிகள் மட்டங்களுக்கு இடையில் சிதறும். மாதிரிகளின் வரிசையிலிருந்து மிகப் பொருத்தமான தரவைத் தேர்ந்தெடுக்கும் விட்டர்பி கண்டறிவி தடுமாறும். துடிப்பு உருக்குலையாதிருக்கக் குழுத் தாமதமும் (வெவ்வேறு அதிர்வெண்கள் வடிகட்டியைக் கடக்க எடுக்கும் நேரம்) பட்டை முழுவதும் சீராக இருக்க வேண்டும் என்பதால், வீச்சின் கூர்மையைவிடக் கட்டத்தின் நேர்கோட்டுத் தன்மைக்கே முதலிடம் கொடுங்கள்.

சூரமங்கலம் வாசகர்:
ஐயா சொன்ன பூட்டுக் கடிகாரம் சமிக்ஞைக்குள் கசியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதைப் பட்டைக்குச் சற்று வெளியே வையுங்கள். வெகுதூரம் தள்ளினால் இரு வடிகட்டிகளின் ஒப்புமை கெட்டுவிடும். டிஜிட்டல் பகுதியின் தரைக்கம்பியைத் தனியாக எடுத்துச் செல்வதும், வடிகட்டி முழுவதையும் எதிரெதிர்க் குறியுள்ள இரட்டைச் சமிக்ஞையாக அமைப்பதும் கட்டாயம்.

ஏற்காடு மாணவி:
மிக்க நன்றி. ஆய்வகத்தில் 38 டிகிரியிலேயே சார்பு மின்னோட்டத்தை 500 மைக்ரோ ஆம்பியரிலிருந்து 535-க்கு உயர்த்தினேன். அலைகாட்டியில் வெட்டு அதிர்வெண் மீண்டும் 100 கிலோஹெர்ட்சுக்கு வந்து நின்றது. அடுத்ததாகத் துணை அலையியற்றியை இதே பலகையில் கட்டுகிறேன்.