நோட்டீஸ் முடியும் முன் பள்ளியை விட்டு வருவது: அமீரகத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு

நோட்டீஸ் என்பது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம். அதைப் பற்றி அங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியர்கள் சிலர் பேசியது இது. பெயருக்குப் பதிலாக ஊரும் பாடமும் இருக்கின்றன.

ஷார்ஜா, கணிதம்:

சம்பளத்தை இழுத்தடிக்கிற பள்ளியிலிருந்தும், சொன்ன வேலை ஒன்று கொடுக்கிற வேலை வேறு என்று இருக்கிற பள்ளியிலிருந்தும் பாதியில் கிளம்ப நினைப்பவர்கள் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது, பள்ளி கொடுத்த பத்துப் பக்கத் தாளை அல்ல. மனிதவள அமைச்சகமான மொஹ்ரேவில் பதிவாகியிருக்கும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அரசின் டிஜிட்டல் அடையாளமான யுஏஇ பாஸ் வைத்து மொஹ்ரே செயலிக்குள் போனால் அதை இறக்கிக்கொள்ளலாம். பேசிக் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, மொத்தச் சம்பளம் எவ்வளவு, நோட்டீஸ் எத்தனை நாள், என்ன பதவி என்ற நான்கையும் அதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். தகராறு என்று வந்தால் அமைச்சகம் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம். அதன்படி நோட்டீஸ் 30 நாளுக்குக் குறையவும் கூடாது, 90 நாளைத் தாண்டவும் கூடாது. "கல்வியாண்டு முடியும்வரை யாரும் விலகக் கூடாது" என்று சில பள்ளிகள் தனித்தாளில் எழுதி வாங்குகின்றன. அந்த வரி 90 நாளுக்கு மேல் உங்களைக் கட்டிவைக்காது.

இன்னொன்று, ராஜினாமாவுக்குப் பள்ளியின் சம்மதம் தேவையே இல்லை. "மேனேஜ்மென்ட் இன்னும் ஏற்கவில்லை, அதனால் நோட்டீஸ் தொடங்கவில்லை" என்று எச்.ஆர். சொன்னால் கலங்க வேண்டாம். கடிதம் அவர்கள் கையில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது. அந்த நாளை நிரூபிப்பதுதான் நம் பொறுப்பு. முதல்வருக்கும் எச்.ஆருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள், சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். ராஜினாமா கொடுத்த அன்றே பள்ளி மின்னஞ்சலைப் பூட்டிவிடும் இடங்கள் உண்டு. அதனால் சம்பளச் சீட்டு, டைம்டேபிள், பணி ஆணை எல்லாவற்றையும் அதற்கு முன்பே சொந்த முகவரிக்கு மாற்றி வையுங்கள். மாணவர் விவரம், மதிப்பெண் பட்டியல் எதையும் எடுக்காதீர்கள். அது வேறு குற்றமாகிவிடும்.

அபுதாபி, வேதியியல்:

நோட்டீஸை முடிக்காமல் போனால் சிறை, ஆயுள் தடை என்றெல்லாம் பயமுறுத்துவார்கள். சட்டம் கேட்பது பணம்தான். மீதமிருக்கும் நோட்டீஸ் நாட்களுக்கான சம்பளத்தை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கு நஷ்டமே ஏற்படவில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். இந்தத் தொகை மொத்தச் சம்பளத்தை வைத்துப் போடப்படுகிறது, வேலை முடியும்போது கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டியோ பேசிக்கை வைத்துப் போடப்படுகிறது. பலர் தடுமாறும் இடம் இதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்தம் 4,000 திர்ஹம், அதில் பேசிக் 2,000, நோட்டீஸ் 60 நாள், சர்வீஸ் 3 வருடம். 25ஆம் நாள் கிளம்பினால் மீதம் 35 நாள். 4,000ஐ 30ஆல் வகுத்து 35ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4,667 திர்ஹம் நாம் தர வேண்டும். கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். 2,000ஐ 30ஆல் வகுத்து 21ஆல் பெருக்கினால் 1,400, மூன்று வருடத்துக்கு 4,200. மூன்று வருட உழைப்பின் கிராஜுவிட்டி முழுக்கக் கரைந்து, இன்னும் 467 திர்ஹம் நம் தலையில் நிற்கிறது. இதே ஆசிரியர் இன்னும் 20 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் மீதம் 15 நாள்தான். இழப்பீடு 2,000, கையில் 2,200 தேறும். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸை ஏற்றி வைத்திருக்கும் பள்ளியில் ஒவ்வொரு நாளும் இப்படி எடை கூடியது. கடிதம் எழுதும் முன் உங்கள் எண்களை வைத்து இதைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வருடம் முடியாதவருக்குக் கிராஜுவிட்டி கிடையாது. 11ஆம் மாதத்தில் கிளம்புகிறவர்கள் ஒரு வருடம் நிறைவதற்காவது காத்திருப்பது நல்லது. நோட்டீஸ் நாளும் சர்வீஸில் சேரும் என்பதால், கடிதத்தை முன்பே கொடுத்துவிட்டுக் கடைசி நாளை வருடம் நிறைந்த பிறகு வரும்படி அமைக்கலாம்.

துபாய், ஆங்கிலம்:

சார் சொன்னது புரொபேஷன், அதாவது வேலையில் சேர்ந்ததும் வரும் சோதனைக் காலம், முடிந்தவர்களுக்கு. அதற்குள் இருப்பவர்களுக்குப் பாதை வேறு. புரொபேஷன் அதிகபட்சம் 6 மாதம். அதற்குள் நாடு திரும்ப வேண்டும் என்றால் 14 நாள் எழுத்து நோட்டீஸ் போதும். அமீரகத்திலேயே வேறு பள்ளிக்குப் போவதென்றால் ஒரு மாதம். அப்போது பழைய பள்ளி நம்மைக் கொண்டுவந்த செலவைப் புதிய பள்ளி ஈடுகட்ட வேண்டும். நாடு திரும்பிவிட்டு மூன்று மாதத்துக்குள் வேறு வேலைக்கு வந்தாலும் அந்தச் செலவு புதிய முதலாளியுடையதே. அதனால் நேர்காணலில் "இன்னும் புரொபேஷனில் இருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் தெரிந்து ஆஃபரைத் திரும்பப் பெறும் பள்ளிகள் நிறைய.

அந்த 14 நாளைக்கூடக் கொடுக்காமல் விமானம் ஏறினால், நாட்டை விட்டுப் போன நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு வேலை அனுமதி கிடைக்காது. இரண்டு வாரத்துக்காக ஒரு வருடத்தை இழக்காதீர்கள், தயவுசெய்து.

"விசா செலவு, டிக்கெட், ஏஜென்ட் பணம் எல்லாம் சேர்த்துத் திருப்பிக் கட்டு" என்று ஆசிரியரிடம் கேட்பது சட்டத்துக்கு விரோதம். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடமிருந்து நேராகவும் சுற்றிவளைத்தும் வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

ஷார்ஜா, கணிதம்:

ஆமாம் டீச்சர். நோட்டீஸே இல்லாமல் வெளியேற வழிவிடும் 45ஆம் பிரிவையும் சொல்லிவிடுகிறேன். நான்கு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, பள்ளி தன் கடமையை மீறுவது. சம்பளம் தராமல் இருப்பது இதில் வரும். ஆனால் கிளம்புவதற்கு 14 வேலைநாள் முன்பே அமைச்சகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அதன் பிறகும் பள்ளி சரிசெய்யாமல் இருந்திருக்க வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கழித்து எண்ணினால் இது கிட்டத்தட்ட மூன்று வாரம். 14 நாள் என்று காலண்டரைப் பார்த்து எண்ணிக் கிளம்பியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இரண்டாவது, நிர்வாகத்தின் தரப்பில் தாக்குதல், வன்முறை, பாலியல் சீண்டல். இதற்குப் புகார் கொடுக்க முடிகிற நிலை வந்ததிலிருந்து 5 வேலைநாளுக்குள் அதிகாரிகளுக்கும் அமைச்சகத்துக்கும் சொல்ல வேண்டும். மூன்றாவது, பணியிடத்தில் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பெரிய ஆபத்து இருந்து, பள்ளி அதை அறிந்தும் நீக்காமல் இருப்பது. நான்காவது, எழுத்துச் சம்மதம் இல்லாமல் அடிப்படையிலேயே வேறான வேலையைச் செய்ய வைப்பது.

நான்காவதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எப்போதாவது பஸ் டியூட்டி, கேன்டீன் டியூட்டி, சப்ஸ்டிட்யூஷன் என்பதெல்லாம் இதற்குள் வராது. ஆசிரியராகப் பதிவாகியிருப்பவரை மாதக்கணக்கில் அட்மிஷன் மேசையில் உட்காரவைத்துப் பெற்றோருக்குப் போன் போட வைப்பது வரும். அப்படி நடந்தால் டைம்டேபிளைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த உத்தரவுகளையும் அழிக்காதீர்கள்.

சம்பளத் தாமதத்துக்குச் சாட்சி வங்கி ஸ்டேட்மென்ட்தான். சம்பளத்தை வங்கி வழியே போட வைக்கும் அரசு முறையான டபிள்யூ.பி.எஸ். மூலம் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று அதில் இருக்கும். வங்கியில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்கும் பள்ளிகளும் உண்டு. அங்கே ஸ்டேட்மென்ட் பள்ளிக்குச் சாதகமாகவே பேசும். அதனால் ஏ.டி.எம்.மில் எடுத்த சீட்டு, அதே நாளில் "ஆபீசில் கட்டிவிட்டீர்களா" என்று வந்த செய்தி, இரண்டையும் மாதாமாதம் சேர்த்து வைத்தால்தான் நிற்கும்.

புகாரை மொஹ்ரே செயலியிலோ 80084 எண்ணிலோ கொடுக்கலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். 2024 முதல் 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே முடிவு சொல்லலாம், ஆசிரியர்களின் தொகை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் நீதிமன்றம். 1,00,000 திர்ஹம் வரை நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கைக் கொண்டுவர வேண்டும்.

அஜ்மான், தொடக்கப்பள்ளி:

புகார், வழக்கு என்று போகும் முன் பேசிப் பாருங்கள் என்பதே என் கருத்து. இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் நோட்டீஸைக் குறைக்கலாம், முழுக்கவே விட்டுக்கொடுக்கலாம். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எப்போது கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம். நம் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலில் வருடம் தொடங்கி, ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. ஜனவரியில் போர்டு வகுப்பு ஆசிரியர் போய்க் கேட்டால் கதவைக்கூடத் திறக்க மாட்டார்கள். மார்ச்சில் தேர்வுத்தாள் திருத்தி முடித்ததும் கேட்டால், புதிய ஆளை எடுக்கும் நேரம் அது, எளிதில் விடுவார்கள்.

கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தப் பிரிவுக்கு எத்தனை பாடம் முடிந்தது, எந்த நோட்டு திருத்தியது, பிராக்டிகல் எவ்வளவு பாக்கி, இன்டர்னல் மதிப்பெண் எங்கே ஏற்றியிருக்கிறது என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சூப்பர்வைசருக்குப் பாதி கவலை அதிலேயே தீர்ந்துவிடும். அவர் வாயால் "சரி, 20ஆம் தேதி ரிலீவ் ஆகிக்கோங்க" என்று சொன்னால் போதாது. கடைசி வேலைநாள் இது, மீதி நோட்டீஸுக்குப் பிடித்தம் இல்லை, இந்த இரண்டும் எச்.ஆர். மின்னஞ்சலில் வர வேண்டும்.

கோடை விடுமுறைச் சம்பளத்தையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். ஜூனில் விலகுகிறவருக்கு ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் இல்லை என்பது பல பள்ளிகளின் வழக்கம். ஆனால் நோட்டீஸ் காலம் விடுமுறைக்குள் ஓடினால் அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் உண்டு.

கணவர் விசாவில் இருந்துகொண்டு பள்ளியில் வேலை அனுமதி மட்டும் வாங்கியிருக்கும் டீச்சர்களுக்கு ஒரு ஆறுதல். வேலை அனுமதி ரத்தானாலும் தங்கும் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

துபாய், கணக்குப் பதிவியல்:

பணப் பக்கத்தைச் சொல்கிறேன், பெரிய அடி அங்கேதான் விழுகிறது. விசா கேன்சலாகப் போவது தெரிந்ததும் வங்கி விழித்துக்கொள்ளும். லோன் அல்லது கிரெடிட் கார்டு இருந்தால், கடைசியாக வரும் பெரிய தொகையை அப்படியே பிடித்து நிறுத்தும். ராஜினாமாவுக்கு முன்பே பாக்கிக்கான லையபிலிட்டி கடிதம் வாங்குங்கள். கட்டி முடித்ததும் கிளியரன்ஸ் கடிதம் வாங்குங்கள். கார்டை உடைத்துப் போட்டால் கணக்கு மூடியதாகாது. மூடச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பத்தின் எண் கையில் இருக்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டால் வங்கி என்ன செய்யும் என்று நினைப்பவர்களுக்கு: 2020 ஜனவரி 17 முதல் அமீரக நீதிமன்றத் தீர்ப்பை இந்திய நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற முடியும். கடன் கடல் தாண்டியும் வரும்.

வேலையிழப்புக் காப்பீடு கட்டுகிறோமே, அது கிடைக்குமா என்று கேட்கிறார்கள். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது.

கேன்சலேஷன் தாளைப் பற்றி. அதில் "எனக்குச் சேர வேண்டியது எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பணம் கணக்கில் ஏறும் முன் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். "கையெழுத்துப் போட்டால்தான் செக் ரெடியாகும்" என்பது வழக்கமான பேச்சு. வேலை முடிந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டியது அவர்கள் கடமை. குறைந்தது, தொகையும் தேதியும் போட்ட செட்டில்மென்ட் தாளில் பள்ளி முத்திரை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

குடும்பம் உங்கள் விசாவில் இருந்தால் அவர்களுடையதை முதலில் கேன்சல் செய்யவோ ஹோல்டில் வைக்கவோ வேண்டும், அதை விட்டுவிட்டால் உங்களுடையதும் நகராது. கேன்சலான பிறகு எத்தனை நாள் தங்கலாம் என்பது தாளிலேயே அச்சாகியிருக்கும். நண்பருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். அந்தத் தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம்.

துபாய், ஆங்கிலம்:

துபாய்க்குள்ளேயே பள்ளி மாறுகிறவர்கள், அங்குள்ள தனியார் பள்ளிகளை மேற்பார்க்கும் அரசு அமைப்பான கே.எச்.டி.ஏ.வையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025இல் வந்த வழிகாட்டியின்படி, வேலையைப் பாதியில் விட்டுப் போன ஆசிரியரை அடுத்த துபாய்ப் பள்ளி பதிவுசெய்ய 90 நாள் காத்திருக்க வேண்டும். இந்த மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் ஓடுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் சேர வேண்டிய வேலைக்கு மே மாதம் அவசரப்பட்டு வெளியேறினால்கூட இடிக்கலாம்.

அனுபவச் சான்றிதழ் இலவசமாகத் தர வேண்டியது பள்ளியின் கடமை. ஆனால் சண்டை முற்றிய பிறகு கேட்டால் இழுப்பார்கள். வேறு ஏதாவது தேவைக்கென்று பணிச் சான்று ஒன்றைச் சுமுகமாக இருக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.

அபுதாபி, வேதியியல்:

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் அப்படியே நின்றுவிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வராதவரைப் பள்ளி நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம், அப்ஸ்காண்டிங், அதாவது சொல்லாமல் வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று புகாரும் கொடுக்கலாம். அது பதிவாகிவிட்டால் ஒரு வருடம் வேலை அனுமதி இல்லை. வீட்டில் உண்மையிலேயே அவசரம் என்றால் ஊரிலிருந்தே ராஜினாமா மின்னஞ்சலை அனுப்புங்கள். மருத்துவமனைச் சீட்டை இணைத்து, நோட்டீஸை விலக்கும்படியோ மீதியைக் கிராஜுவிட்டியில் கழிக்கும்படியோ கேளுங்கள். பதில் வராவிட்டாலும் எங்கே இருக்கிறீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியும் என்பதற்கு அந்த மின்னஞ்சல் சாட்சி.

பாஸ்போர்ட்டைப் பள்ளி பூட்டி வைத்திருந்தால் இதையெல்லாம் யோசிக்கும் முன் அதை வாங்குங்கள். ஊழியரின் ஆவணத்தைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. முதலில் எழுத்தில் கேளுங்கள், அடுத்து மொஹ்ரே, அதன்பின் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, எண் 80046342, இலவச அழைப்பு. ஊரில் இருக்கும் குடும்பத்தார் சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறையிலும் மனு கொடுக்கலாம். அதனுடன் பாஸ்போர்ட் நகல், எமிரேட்ஸ் ஐடி நகல், மொஹ்ரே புகார் எண் மூன்றையும் இணைக்கச் சொல்லுங்கள்.