பூண்டு கறுக்காவிட்டால் காட்டுக் காளானைச் சாப்பிடலாமா?

தேனிக்காரன்:
நேற்று கொங்குமண் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "காளான் கொதிக்கும்போது நாலு பல் பூண்டு போடுங்கள். பூண்டு கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் தைரியமாகச் சாப்பிடலாம்" என்கிறார். ஐப்பசி மழை பிடித்துவிட்டது, இதை நம்பி யாராவது குழம்பு வைப்பார்கள். ஆளைக் கொல்லும் அமானிட்டா காளான்களில் இருப்பது அமடாக்சின். அதற்கும் பூண்டின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது, காயவைத்தாலும் போகாது.

கொங்குமண்:
எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து பூண்டு போட்டுத்தான் பார்க்கிறோம். இன்றுவரை ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நாலு புத்தகம் படித்துவிட்டால் கிராமத்து அறிவு இளப்பமாகத்தான் தெரியும்.

தேனிக்காரன்:
உங்கள் அப்பத்தாவைக் காப்பாற்றியது பூண்டு இல்லை, அவருடைய கண். இடி இடித்து மழை பெய்த பிறகு எந்த வரப்பில், எந்தப் புற்றோரத்தில் முளைக்கும் என்று தெரிந்து, புற்றுக் காளானை மட்டும் பறித்திருப்பார். அதன் குடை நடுவில் கூராக இருக்கும். பிடுங்காமல் பக்கத்து மண்ணைத் தோண்டிப் பாருங்கள், தண்டு மெலிந்து நீண்டு கரையான் கூடு வரைக்கும் இறங்கும். அமானிட்டாவின் அடியில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஓர் உறை இருக்கும். மேலோடு கத்தியால் அறுத்தால் அந்த உறை மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், கையில் இருப்பது எது என்றே தெரியாது. பூண்டை உரிக்கிற நேரத்தில் மண்ணைத் தோண்டுங்கள்.

கொங்குமண்:
பூண்டு கறுத்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். சம்பந்தம் இல்லை என்றால் அது ஏன் நிறம் மாறுகிறது? இதற்குப் பதில் சொல்லாமல் புற்று, மண் என்று சுற்றுகிறீர்கள்.

தேனிக்காரன்:
புளிப்பு பட்டால் பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறும், ஊறுகாய் போடுகிறவர்களைக் கேளுங்கள். விஷம் பார்க்க வெள்ளிக் கரண்டி போடுவார்களே, அதுவும் முட்டை பட்டாலே கறுக்கும். அடுத்து மஞ்சள் போட்டு நிறம் பார்க்கும் சோதனையைக் கொண்டுவருவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் பார்க்காதவர் யார்? இவற்றில் ஒன்றுகூட அமடாக்சினைக் காட்டிக்கொடுக்காது.

மதுரைமல்லி:
பூண்டை விடுங்கள். பூச்சி அரித்த காளான் நல்லது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதுவாவது சரிதானே?

தேனிக்காரன்:
அதுவும் தப்பு. ஆளைக் கொல்லும் காளானை நத்தை தின்றுவிட்டு நன்றாகவே ஊர்ந்து போகும். அதன் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

கொங்குமண்:
நத்தையைப் பற்றி யார் கேட்டது? பூண்டுக்கு வாருங்கள்.

பண்ணைக்காளான்:
எதற்கு இந்த வம்பு? சிப்பிக் காளான், மொட்டுக் காளான் எல்லாம் சுத்தமாகப் பாக்கெட்டில் கிடைக்கிறது. வாங்கிச் சாப்பிடுங்கள்.

கொங்குமண்:
வந்துவிட்டார் வியாபாரி. புற்றுக் காளானை உங்கள் கொட்டகையில் வளர்த்துக் காட்டுங்கள் பார்ப்போம். கரையான் இல்லாமல் அது வருமா? அந்த ருசி உங்கள் பாக்கெட்டில் இருக்கிறதா?

பண்ணைக்காளான்:
ருசி இல்லாததையா வாரம் தவறாமல் வாங்குகிறார்கள்? போன தடவை விலையைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் மரியாதை இல்லாமல் பேசினீர்கள்.

தேனிக்காரன்:
உங்கள் விலைச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். காளான் பறித்துப் பழக்கமே இல்லாதவர்களா அவர்கள்?

கொங்குமண்:
அவர்கள் பூண்டு போட்டார்களா என்று உங்களுக்குத் தெரியுமா?

தேனிக்காரன்:
13 உயிர் போனதைச் சொல்கிறேன், நீங்கள் இன்னும் பூண்டிலேயே நிற்கிறீர்கள்! இந்த விஷம் சாப்பிட்ட உடனே தெரியாது. ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள் தெளிந்த மாதிரி இருக்கும், சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். உள்ளே கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மதுரைமல்லி:
எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் புல்தரையில் வெள்ளையாகப் பெரிய குடைகள் வந்திருக்கின்றன. மேலே பழுப்புச் செதில். அதில் பூண்டு போட்டுப் பார்க்கலாமா?

தேனிக்காரன்:
அம்மா, தயவுசெய்து வேண்டாம். முற்றியதும் குடைக்கு அடியில் மடிப்புகள் பச்சையடித்தால் அது குளோரோபில்லம் என்ற விஷக் காளான். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடலைப் புரட்டிவிடும். இளசாக இருக்கும்போது அந்தப் பச்சை தெரியாது, அதனால் வெள்ளையாக இருக்கிறதே என்றும் எடுக்காதீர்கள். பார்த்தீர்களா கொங்குமண், உங்கள் பதிவு என்ன வேலை செய்கிறது என்று?

கொங்குமண்:
போன மழைக்கு நான் போட்ட படத்தையும் சாப்பிடாதே என்றீர்கள். குடும்பத்தோடு சாப்பிட்டோம், எல்லோரும் கல்லு மாதிரி இருக்கிறோம். அந்தக் கோபத்தைத்தான் இப்போது என் பூண்டு மேல் காட்டுகிறீர்கள்.

தேனிக்காரன்:
அந்தப் படத்தில் அடித்தண்டே இல்லை. அதனால் சாப்பிடாதீர்கள் என்றேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அந்தப் பூண்டுப் பதிவை எடுத்துவிடுங்கள்.

கொங்குமண்:
எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போகிறேன், பூண்டும் போடத்தான் போகிறேன்.

பண்ணைக்காளான்:
மரியாதை இல்லாமல் பேசியதற்கு இன்னும் ஒரு பதிலும் வரவில்லை.