ரெண்டாவது படிக்கற பையனுக்கு 6 வாரம் மாவுக்கட்டு. ஸ்கூல்ல என்னன்னு கேக்கறது?

வேலந்தாவளம்_சரசு:

வணக்கமுங்க. நாங்க கேரளாவுல, பாலக்காட்டு ஜில்லாவுல கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவால தோட்டத்துல குடியிருக்கறோம். பையன் எல்.பி. ஸ்கூல்ல (நாலாவது வரைக்கும் இருக்கற ஸ்கூல்) ரெண்டாவது, தமிழ் மீடியம். போன வாரம் களத்துல தேங்காய்க் குமி மேல ஏறி ஆடி, சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. நெஞ்சுக்குக் கீழ ஆரம்பிச்சு ஒரு கால் பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. 6 வாரம் கட்டு, அப்புறம் நடந்து பழகற நாள் தனி.

டீச்சர் தங்கமானவங்க, குறை சொல்ல வரலை. வீட்டுக்கே வந்து பார்த்தாங்க. "வீட்டுல இருந்தே படிக்கட்டும், நான் வாட்ஸப்புல எல்லாம் அனுப்பறேன்"னாங்க. சொன்ன மாதிரியே அனுப்பறாங்க. சிக்கல் என்னன்னா, எங்க வீட்டுல வாட்ஸப் இருக்கற போன் ஒண்ணுதான். வீட்டுக்காரர் கள்ளு வண்டி ஓட்டறார். விடியக்காலம் 3 மணிக்குப் போனோட கிளம்பினா திரும்பி வர பொழுது எறங்கிரும். எங்கிட்ட இருக்கறது பட்டன் போன். ராத்திரி ஏழரைக்கு அவர் போனை வாங்கிப் பார்த்தா, போர்டை எடுத்த போட்டோ 11, வீடியோ 2, மலையாளத்துல ஒரு நோட்டீசு. நான் நெகமத்துல இருந்து கட்டிக்கிட்டு வந்தவ, மலையாளம் பேசினா புரியும், படிக்கத் தெரியாது. மருந்து குடிச்ச பையன் எட்டு மணிக்கெல்லாம் தூங்கிர்றான். தூங்கற புள்ளையை எழுப்பிக் கூட்டல் கணக்கு போடச் சொல்றதாங்க?

நேத்து மத்தியானம் சும்மா படுத்திருந்தவன், "அம்மா, என்ற எடத்துல இப்ப யாரு உக்காந்திருப்பா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. செவுத்துப் பக்கம் திரும்பிக்கலாம்னா அதுக்கும் கட்டு விடாது, கண்ணை மட்டும் மூடிக்கிட்டான்.

இவரு, "6 வாரந்தானே, படிப்பு எங்க ஓடிப் போகப் போகுது"ங்கறார். ஓணப் பரீட்சை வேற வருது. டீச்சர்கிட்ட என்னன்னு கேக்கறது? ரொம்பக் கேட்டா சங்கடப்படுவாங்களோன்னும் இருக்குது.

கிணத்துக்கடவு_மாமா:

இதுக்கு ஏனுங்க இவ்வளவு யோசனை? டிவியில கல்வித் தொலைக்காட்சி போட்டு விடுங்க. தமிழ்நாட்டுல சின்ன கிளாசுக்கெல்லாம் 'எண்ணும் எழுத்தும்'னு நடத்தறாங்க, பாட்டு, கதை எல்லாம் யூடியூப்புல கிடக்குது. எம்பேத்தி அதைப் பார்த்துத்தான் படிக்கறா.

சித்தூர்_பழைய_டீச்சர்:

மாமா சொன்னது கெட்ட யோசனை இல்லை, பாட்டுக்கும் கதைக்கும் தாராளமாகப் போடுங்கள். ஆனால் பாடத்துக்கு அது ஒத்துவராது. நம் பிள்ளைகள் படிப்பது கேரளப் பாடப்புத்தகம், தமிழில் இருந்தாலும் அது வேறு. யாராவது 'கொரோனா சமயத்தில் டிவியில் நடத்திய ஃபர்ஸ்ட் பெல் வகுப்பு வீடியோ பழசு இருக்கே, அதைப் பாருங்கள்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். 2-ஆம் வகுப்புப் புத்தகமே 2025-ல் மாறிவிட்டது. பழைய வீடியோவில் இருக்கிற பாடத்தைப் புதுப் புத்தகத்தில் தேடிக் குழந்தை குழம்பும்.

நான் சித்தூர் தாலுக்கா எல்.பி. பள்ளிகளில் 28 வருடம் வேலை பார்த்தவள். 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் விக்டர்ஸ் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் ஆரம்பித்தபோது சின்ன வகுப்புகளுக்கு நாளைக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினார்கள். மீதி எல்லாம் வகுப்பு டீச்சர் தலையில். நானும் ஆர்வக்கோளாறில் சேலை மாற்றிக் கட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் போர்டு வைத்து, இருபது நிமிட வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு அம்மா, "டீச்சர், உங்க வீடியோ எறங்கறதுக்குள்ள நெட்டு தீர்ந்து போகுதுங்க"என்றாள். அன்றைக்குத்தான் உறைத்தது. நாம் அனுப்பிய கணக்கை வைத்துப் பாடம் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வீட்டில் போன் எத்தனை மணிக்கு யார் கையில் இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் டீச்சரும் கேட்டிருக்க மாட்டார். நீங்களாகச் சொல்லுங்கள். இதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை. சொன்னால் அவருக்கும் 11 போட்டோ எடுக்கிற வேலை மிச்சம்.

உங்கள் பட்டன் போன் போதும் சரசு. மத்தியானச் சோறு முடிந்து மணி அடிக்கிறதுக்கு முன்னால் ஒரு ஐந்து நிமிடம் கூப்பிடச் சொல்லுங்கள், ஸ்பீக்கரில் போட்டு. அந்த ஐந்து நிமிடத்தில் டீச்சர் பாடம் நடத்த வேண்டாம். முந்தின நாள் படித்த பத்தியை அவன் வாசிக்கட்டும், டீச்சர் கேட்கட்டும். தடுக்குகிற எழுத்து எது என்று அவருக்குக் காதிலேயே தெரிந்துவிடும். மீதி நேரம் கூட்டாளிகள் பேசட்டும். இந்த வயதில் மூன்று பாடம் விட்டுப்போனால் பிடித்துக்கொள்ளலாம். நான் அந்த வகுப்புப் பிள்ளை என்கிற நினைப்பு விட்டுப்போனால்தான் திரும்பப் போகிற நாளில் வயிற்றுவலி வரும்.

அடுத்தது, ஒரு நோட்டு. பக்கத்துத் தோட்டத்தில் இருந்து அதே பள்ளிக்குப் போகிற பிள்ளை யாராவது இருக்கும். காலையில் நோட்டு பள்ளிக்குப் போக வேண்டும், சாயந்தரம் திரும்ப வேண்டும். டீச்சர் இரண்டு வரி எழுதினால் போதும்: இன்றைக்கு இத்தனாம் பக்கம், இந்தக் கணக்கு. நீங்களும் பதிலுக்கு எழுதுங்கள், 'இன்றைக்கு வலி, ஒன்றும் செய்யவில்லை' என்றால் அதையும். அந்த மலையாள நோட்டீசைப் படித்துக் காட்டவும் அந்தப் பிள்ளையே உதவும். நாலாம் வகுப்புப் பிள்ளை என்றால் மலையாளம் படிக்க வரும்.

எழுதுவதற்கு: டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் கவிழ்த்துப் படுக்க வைத்து நெஞ்சுக்கு அடியில் தலையணை கொடுங்கள், கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். மல்லாந்து படுத்து எழுதினால் பரீட்சை அட்டையை நீங்கள் பிடிக்க வேண்டிவரும். பென்சில்தான், பேனா மேல்நோக்கி எழுதாது. கணக்குக்குத் தென்னை ஈர்க்குச்சி சீவி, பத்துப் பத்தாக நூலில் கட்டி வையுங்கள். 43 என்றால் நாலு கட்டு, மூணு தனி. கழிக்கும்போது ஒரு கட்டை அவனே அவிழ்க்கட்டும். கடன் வாங்குவது என்று நாங்கள் போர்டில் நாலு நாள் கத்துவது அந்த நூலை அவிழ்க்கையில் புரிந்துவிடும். காலையில் இருபது நிமிடம், சாயந்தரம் இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்தில் இருந்து வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் உண்டு. ஆனால் அது நிரந்தரமாகப் படுக்கையில் இருக்கிற பிள்ளைகளுக்கானது, 6 வாரக் கட்டுக்கு எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் 'சங்ஙாதிக்கூட்டம்' என்று ஒன்று நடத்துவார்கள், வகுப்புக் கூட்டாளிகள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அதை மட்டும் நீங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம், ஒரு உத்தரவும் தேவையில்லை.

ஓணப் பரீட்சையைப் பற்றிக் கவலையே படாதீர்கள். 2-ஆம் வகுப்பில் யாரையும் நிறுத்தி வைக்கக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு நகல் ஒன்றை எச்.எம்.மிடம் கொடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

வண்டிப்பெரியாறு_லயம்:

அக்கா, டீச்சர் சொல்றது நூத்துக்கு நூறு. நாங்க தேயிலை எஸ்டேட்காரங்க. கொரோனா சமயத்துல எங்க லயத்துல, அதான் எஸ்டேட் வரிசை வீட்டுல, சிக்னலே கிடையாது, கொழுந்து நிறுக்கிற மேட்டுக்கு ஏறினாத்தான் ஒரு கோடு வரும். மழையில குடையைப் பிடிச்சுட்டு மக அங்க நிப்பா. ஒரு தடவை 14 பக்கம் பி.டி.எஃப். வந்துச்சு. டவுனுக்குப் போயி பிரிண்ட் எடுத்தேன், அன்னைக்குக் கூலியில பாதி அதுக்கே போச்சு. அவ அதுல மூணு பக்கம் கலர் அடிச்சா.

அப்புறம் ஒரு சார் சனிக்கிழமை சனிக்கிழமை லயம் லயமா நடந்தே வந்தாரு. ஒரு ஆளுக்கு ஒரு தாள், ரெண்டு பக்கம். அடுத்த சனிக்கிழமை அதை வாங்கிப் பார்த்துட்டு வேற தாள் கொடுப்பாரு. அந்தத் தாளை மட்டும்தான் எம்மக ஒழுங்கா முடிச்சா, சார் கையில வாங்கிப் பார்ப்பாருல்ல. 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்கூல் தொறந்தப்ப முதல் ஆளா ஓடினதும் அவதான்.

ஒண்ணு மட்டும் டீச்சர்கிட்ட மாறுபடுறேன். அண்ணன் ராத்திரி வந்ததும் அவரையும் அஞ்சு நிமிஷம் உக்கார வைங்க. வண்டியில எத்தனை கேன், எங்க எத்தனை எறக்கினோம்னு அவரு வாய்க்கணக்கு சொன்னா பையன் தூக்கத்துலயும் கேப்பான்.

வேலந்தாவளம்_சரசு:

எல்லாருக்கும் நன்றிங்க. பத்து நாள் கழிச்சு எழுதறேன்.

டீச்சர்கிட்ட போன் சமாச்சாரத்தைச் சொன்னேன். "அய்யோ, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. இப்ப ஒண்ணேகால் மணிக்குக் கூப்பிடறாங்க. மொத நாள் இவன் வாயே தொறக்கலை. அந்தப் பக்கம் எல்லாம் ஒரே கூச்சல். மூணாவது நாள் மெல்ல, "என்ற எடத்துல யாரு?"ன்னு கேட்டான். ஒருத்தன், "நாந்தான்டா, ஜன்னல் காத்து நல்லா வருது"ன்னுட்டான். அவ்வளவுதான், இவனுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அன்னைக்குச் சாயந்தரம் நான் சொல்லாமயே ரெண்டு பக்கம் எழுதி நோட்டுல குடுத்தனுப்பச் சொன்னான், அந்தப் பையன் பார்க்கோணுமாம்.

ஈர்க்குச்சி கட்டு நல்லா வேலை செய்யுதுங்க டீச்சர். மாமியார்தான் விளக்குமாத்துக்குச் சீவி வெச்சதையெல்லாம் எடுத்துட்டேன்னு முணுமுணுக்கறாங்க. வாய்க்கணக்கு ரெண்டு நாள் நடந்துச்சு, மூணாம் நாள் அப்பனும் மகனும் ஒண்ணாவே தூங்கிட்டாங்க.

வர்ற சனிக்கிழமை நாலு பேரு பார்க்க வர்றாங்களாம், அந்த ஜன்னல்காரனும் சேர்த்து. கட்டு மேல பேரு எழுதலாமான்னு போன்லயே கேட்டுட்டாங்க. ஸ்கெட்ச் பேனாவுல எழுதினா ஒண்ணும் ஆகாதுங்களா?