புதுப்பிப்பு: அந்த 7, 8 சர்க்கரை அளவுக்கு விடை கிடைச்சிட்டுது

போன மாதம் எழுதினது ஞாபகம் இருக்கோ? மூண்டு நாட்டில நடக்கிற நீரிழிவு மருந்துப் பரிசோதனை. யாழ்ப்பாணத்தில வீட்டில இருந்து தரவு சரிபார்க்கிறது நான். ஒரு நிலையத்தில மட்டும் வெறும் வயித்துச் சர்க்கரை 7, 8 எண்டு வந்தது. மற்ற இடங்களில 126, 140. "இந்தாக்கள் உயிரோடதான் இருக்கினமோ?" எண்டு கேட்டிருந்தன்.

இருக்கினம். அலகுதான் பிழை. அந்த ஆய்வுகூடம் லீட்டருக்கு மில்லிமோல் கணக்கில அறிக்கை குடுக்குது. எங்கட மின்படிவமோ டெசிலீட்டருக்கு மில்லிகிராம் எண்டு தானாகவே போட்டிருக்கு. 7ஐ 18ஆல பெருக்கிப் பாருங்கோ, 126. "முதல்ல அலகைப் பார் தம்பி" எண்ட அண்ணைக்கு ஒரு பிளேன்ரீ கடன்.

பிறகேன் இழுபட்டது எண்டால், நானே பெருக்கித் திருத்தேலாது. நிலையத்துக்குக் கேள்வி அனுப்பி, அவையே திருத்தவேணும். பழைய எண், மாத்தின ஆள், நேரம், காரணம் எல்லாம் அழியாமல் பதிவில நிக்கும். எனக்கு விடியிற நேரம் அங்க ஆக்கள் வீட்டை போயிடுவினம். ஒரு கேள்விக்கு ஒன்பது நாள்!

தோண்டேக்க இன்னொண்டும் வந்தது. ஒராள் பரிசோதனையில சேரச் சம்மதிச்ச திகதி 03/04, முதல் ஊசி மார்ச் 15. ஏப்ரல் 3 எண்டு வாசிச்சால், சம்மதம் வாங்க முதலே ஊசி போட்ட மாதிரி. நெஞ்சு திக்கெண்டுது. அமெரிக்க நிலையம், அங்க மாதம்தான் முதல்ல எழுதுறது; அது மார்ச் 4. இப்ப மாதத்தை எழுத்தில கேக்கிறம்.

சிறுநீரகத்துக்குப் பாக்கிற கிரியாட்டினின் அளவின்ர அலகுப் பிரச்சினை இன்னும் முடியேல்ல. அங்க லீட்டருக்கு மைக்ரோமோலில வாறதை 88.4ஆல வகுக்கவேணும்.