இன்சூரன்ஸ் டேட்டா வேலையில் நான் பட்ட அனுபவம்: வண்டி எங்கே நிற்கிறது?

2015 டிசம்பர் முதல் வாரம். முடிச்சூர், வேளச்சேரி பக்கமெல்லாம் கார்கள் முழுகிக் கிடந்தன. நான் அப்போது ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் டேட்டா வேர்ஹவுஸ், அதாவது எல்லாப் பாலிசி விவரமும் வந்து சேரும் தரவுக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் கிளெய்ம் மேலாளர் போன் செய்தார். "வேளச்சேரியில நம்ம வண்டி எத்தனை நிக்குது? சேதத்தை மதிப்பிட வெளியூர்லேர்ந்து எத்தனை சர்வேயரை வரவழைக்கணும்?"

பத்து வருடப் பாலிசிகள் கையில் இருந்தும் பதில் இல்லை. தனியார் காருக்கு ப்ரீமியம் போடும்போது இடம் என்று பார்ப்பது பதிவான ஊரைத்தான். சென்னை, மும்பை, டெல்லி உட்பட 8 நகரங்கள் ஏ மண்டலம், மற்றதெல்லாம் பி. அந்தக் கணக்குக்கு வண்டி எண்ணில் உள்ள ஆர்.டி.ஓ. எண்ணே போதும் என்பதால் அதை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தோம். டி.என். 72 வண்டி வேளச்சேரி அடுக்ககத்தில் நின்றாலும் எங்கள் ரிப்போர்ட்டில் அது திருநெல்வேலி வண்டி. முகவரியோ ஒரே நீள வரி. 'வேளச்சேரி'க்கு மட்டும் ஏழெட்டு ஸ்பெல்லிங்.

அப்புறம் இன்னொன்று. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது பழுதானால் சாதாரண பாலிசியில் இழப்பீடு கிடைப்பது கடினம், இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். அதை எடுத்தவர்கள் யார் என்று கேட்டார்கள். எல்லாக் கூடுதல் கவர்களின் தொகையையும் கூட்டி ஒரே எண்ணாக ஏற்றியிருந்தோம். அந்த டிசைன் என்னுடையது. ரிப்போர்ட் வேகமாக ஓடட்டும் என்று செய்தது. ஒரு பெரியவர், கவருக்குப் பணம் கட்டியதைக் காட்ட, நனைந்த பாலிசித் தாளை வெயிலில் காயவைத்து எடுத்து வந்தார். பணம் வாங்கியது நாங்கள், அதை நிரூபிக்க வேண்டியவர் அவரா? இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதன்பிறகு நான் போட்ட டேட்டா மாடல்களில் ஒவ்வொரு கவரும் தனி வரி. வண்டி நிற்கும் இடத்துக்குத் தனி ஃபீல்டு. சேதம் நடந்த தேதி, அதை எங்களிடம் சொன்ன தேதி, நாங்கள் பதிந்த தேதி என மூன்றும் தனித்தனி.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் ஆயுள் காப்பீட்டில் தரவுகளை அலசும் அனலிட்டிக்ஸ் வேலை. சேர்ந்த புதிதில் பிறந்த தேதிகளைச் சோதித்தேன். வயதானவர்களில் மே, ஜூன் பிறப்புகள் மலை மாதிரி எழுந்து நின்றன. சந்தேகத்துக்குரியவை என்று குறி போட்டு அனுப்பினேன். பாலிசி தரலாமா என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டிங் பிரிவு மேடம் கூப்பிட்டு, "உங்க அப்பா எப்போ பிறந்தாரு?" என்றார். ஜூன் 1 என்றேன். "வீட்ல போய்க் கேட்டுட்டு வாங்க."

அப்பா பிறந்தது ஐப்பசி அடைமழையில். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்று வாத்தியார் போட்ட தேதிதான் அவருடைய எல்லாத் தாள்களிலும் இருக்கிறது. வயதுச் சான்றில் பள்ளிச் சான்றிதழ் முதல் தரம், ஜாதகம் அதற்கு அடுத்த வகை. அப்பாவின் சரியான தேதி ஜாதகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

குறியை எடுத்துவிட்டேன். பிறந்த தேதிக்குப் பக்கத்தில், அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்ற ஃபீல்டைச் சேர்த்தோம். கிளெய்மின்போது நாமினி கொண்டுவரும் ஆதாரில் வேறு தேதி இருந்தால், அலைக்கழிக்காமல் பழைய சான்றை உடனே எடுத்துப் பார்க்க முடிகிறது.

* * *

நல்ல வேலை தம்பி. பழைய பாலிசிகளுக்குச் சான்று வகையை எப்படி நிரப்பினீர்கள்?

* * *

பாலிசி எடுக்கும்போது கொடுத்த ப்ரொபோசல் ஃபார்மின் ஸ்கேனைத் திறந்து பார்த்துத்தான் அண்ணா. முதிர்வு நெருங்கியவற்றை முதலில் எடுத்தோம். படிக்க முடியாதவற்றில் 'தெரியவில்லை' என்றே போட்டோம், ஊகித்து எதையும் நிரப்பவில்லை. இன்னும் பாதிகூட முடியவில்லை.