பெங்கால், சவானா வாங்குமுன்: வம்சாவளித் தாளில் தலைமுறையை எண்ணுவது எப்படி

சிங்கப்பூரிலிருந்து

சிறுத்தைப் பூனை கலந்த பெங்கால், ஆப்பிரிக்கச் செர்வல் கலந்த சவானா என்ற இரண்டு கலப்பினப் பூனைகளுக்கும் இங்கே ஒரே விதி. காட்டு விலங்கின் நேர்க் குட்டி எஃப்1, அதன் குட்டி எஃப்2 என்று தலைமுறையை எண்ணுவார்கள். எஃப்1 முதல் எஃப்4 வரை வளர்க்க முடியாது. எஃப்5 முதல் வளர்க்கலாம், ஆனால் மூதாதையர் பெயர்களைக் காட்டும் வம்சாவளித் தாள் வேண்டும். பூனை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அது கணக்கில் வராது.

சிக்கல் வருவதே எண்ணுவதில்தான். தாய் எஃப்3, தந்தை எஃப்6 என்றால் குட்டி எஃப்4. காட்டு மூதாதைக்கு எந்தப் பக்கம் நெருக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் கணக்கு. விற்பவர்கள் மற்ற பக்கத்தைச் சொல்லி எஃப்7 என்பார்கள். முதல் சில தலைமுறைகளின் ஆண் பூனைகளுக்குப் பெரும்பாலும் இனப்பெருக்கத் திறன் இருக்காது. அதனால் காட்டு இரத்தம் பெரும்பாலும் தாய்வழியாகவே வரும். தாளில் தாய், அவளுடைய தாய் என்ற வரிசையை முதலில் பாருங்கள்.

மூன்று தலைமுறைத் தாளை ஏற்காதீர்கள். அதில் 2, 4, 8 என 14 பெயர்களே இருக்கும். எஃப்4 குட்டியின் காட்டு மூதாதை நான்காம் தலைமுறையில் வருவதால், அந்தத் தாளில் அது தெரியவே தெரியாது. நான்கு தலைமுறை, அதாவது 30 பெயர்கள் கேளுங்கள். அவற்றில் ஒன்றுகூடக் காட்டு இனமாக இல்லையென்றால்தான் எஃப்5 அல்லது அதற்குப் பிந்தையது. டிகா என்ற சர்வதேசப் பூனைச் சங்கத்தின் பதிவில், மூன்று தலைமுறையாக அதே இனம் என்று காட்டும் எஸ்பிடி குறியீட்டைப் பார்த்ததும் பலர் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பெங்கால் எஃப்4-க்கே அது கிடைத்துவிடும்.

தாளில் உள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண்ணை ஸ்கேனர் காட்டும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகு மீதிப் பணம் கொடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு 2 பூனை என்ற வரம்பு இதற்கும் உண்டு.

லண்டனிலிருந்து

இங்கே அந்த 30 பெயர் கணக்கு எல்லை தாண்டும்போதுதான் வேலைக்கு வரும். வீட்டில் வளர்ப்பதைப் பொறுத்தவரை 1976-ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் எஃப்1-க்கு மட்டுமே உரிமம் கேட்கிறது: உள்ளாட்சி மன்றத்துக்கு விண்ணப்பம், கால்நடை மருத்துவரின் நேரடி ஆய்வு, பிறருக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீடு. எஃப்2 முதல் உரிமம் வேண்டாம்.

இதை வைத்து, "எஃப்3-க்குத் தாளே தேவையில்லை" என்று விற்கிறார்கள். பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கொண்டுவந்தால் தேவை. எல்லையில் பொருந்துவது சைட்டிஸ் என்ற காட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் விதி. முந்தைய நான்கு தலைமுறைகளில் காட்டு மூதாதை உண்டா என்று அது பார்க்கிறது. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வருபவற்றுக்கும் சைட்டிஸ் அனுமதி வேண்டும். பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

நியூயார்க்கிலிருந்து

மாநிலச் சட்டம் காட்டு மூதாதை இல்லாத ஐந்து தலைமுறை கேட்கிறது, அங்கீகரித்த சங்கப் பதிவோடு. நகரச் சுகாதார விதியோ எந்தத் தலைமுறைக் கலப்பினத்தையும் அனுமதிப்பதில்லை. நகர எல்லைக்கு வெளியே உள்ள யோங்கர்ஸில் சட்டப்படி வளர்ந்த பூனை, நகருக்குள் இருக்கும் பிராங்க்ஸுக்கு வீடு மாறினால் சட்டவிரோதம். வாடகை ஒப்பந்தம் போடுமுன் முகவரி எந்த எல்லைக்குள் வருகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கலப்பினத்துக்கென்று அனுமதி பெற்ற வெறிநோய்த் தடுப்பூசி அமெரிக்காவில் இல்லை. மருத்துவர் வீட்டுப் பூனைக்கான ஊசியைப் போடலாம். ஆனால் பூனை யாரையாவது கடித்தால், ஊசி போடாத விலங்காகவே அதிகாரிகள் அதை நடத்தக்கூடும். பரிசோதனைக்காகக் கொல்லச் சொல்லவும் வாய்ப்புண்டு. கலப்பினப் பூனை வாங்க நினைப்பவர்கள் தங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.